காவலூர் வானமும் உயரும் நகரங்களும்

ஒரு நகரத்தின் விளக்குகள் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே அதன் வெளிச்சம் வானில் தெரிந்துவிடுகிறது. இரவுப் பேருந்தில் போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். சாலையின் இருபுறமும் இருட்டாக இருக்கும், ஊர் எதுவும் தென்படாது. ஆனால் அடிவானத்தில் ஓரிடம் மட்டும் வெளிறிப்போய், கவிழ்த்த குடைபோலத் தெரியும். அரை மணி நேரம் கழித்து அந்தத் திசையில்தான் ஊர் வரும்.

விளக்கே தெரியாதபோது விளக்கின் வெளிச்சம் எப்படித் தெரிகிறது? ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்துக்கு இந்தக் கேள்வி மிக முக்கியமானது. சென்னை அங்கிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 165 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காவலூரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர். பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டால், அந்த உயரத்தில் நிற்பவருக்குக் கடல் மட்டத் தரை 96 கிலோமீட்டர் வரைதான் தெரியும். சென்னை அந்த எல்லைக்கும் அப்பால் 70 கிலோமீட்டரில் உள்ளது. குறுக்கே மலைகளே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், சென்னையில் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்துக்கு மேல் இருப்பதுதான் காவலூரிலிருந்து தெரிய முடியும். அத்தனை உயரமான கட்டடம் சென்னையில் இல்லை. ஆனால் அந்த உயரத்தில் காற்று இருக்கிறது. நகரம் அந்தக் காற்றை ஒளியேற்றுகிறது; தொலைவில் இருப்பவர் கண்ணுக்குத் தெரிவது ஒளியேறிய காற்றுதான். இதை வான்ஒளிர்வு என்றும், அடிவானத்தில் அது எடுக்கும் வடிவத்தை ஒளிக்குடை என்றும் சொல்லலாம்.

மலையைத் தேடிப் போன தொலைநோக்கிகள்

தமிழ்நாட்டின் நவீன வானியல் நகரத்துக்குள்தான் தொடங்கியது. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. அன்று அது நகரின் ஓரம். 1861-இல் அங்கே பொறுப்பேற்ற நார்மன் போக்சன், அதே ஆண்டு ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். வானாய்வகத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. சூரியனை ஆராய்வதற்கு ஏற்ற மலைவானம் தேவைப்பட்டதுதான் காரணம். விளக்கொளி அப்போது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. இன்று நுங்கம்பாக்கத்தின் அந்த இடத்தில் வானிலை ஆய்வு மையம் இருக்கிறது. பழைய தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் அதன் வளாகத்தில் நிற்கிறது. சுற்றிலும் சென்னையின் நடுப்பகுதி வளர்ந்துவிட்டது.

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்குப் பொருந்தினாலும் விண்மீன் ஆய்வுக்குப் போதவில்லை. 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு புதிய இடம் தேடினார். காவலூர் தேர்வானதற்குக் காரணங்கள் பல. காடு சூழ்ந்த மலை, நகரங்களிலிருந்து விலகிய இடம், நிலநடுக்கோட்டிலிருந்து 12.5 பாகையே வடக்கில் இருப்பதால் தென் வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கி அங்கே வேலையைத் தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் நிலவான கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்பதற்கான அறிகுறி அதே ஆண்டு அதில் பதிவானது. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்த அவதானிப்புகளிலும் அது பங்கேற்றது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதுவே இன்று பாப்புவின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இருட்டை அளப்பது எப்படி?

நிலவில்லாத இரவில், மனிதர் ஏற்றிய விளக்கு ஒன்றுகூட இல்லாத இடத்திலும் வானம் முற்றிலும் கறுப்பாக இருப்பதில்லை. பகலில் சூரியன் கிளர்த்திவிட்ட அணுக்கள் இரவில் தங்கள் ஆற்றலை மெல்லிய ஒளியாக விடுகின்றன. இதை வளிமிளிர்வு என்பர். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் தரும் பச்சை ஒளி இதில் முக்கியமானது. கோள்களுக்கு இடையிலான தூசு சிதறடிக்கும் சூரிய ஒளியும், தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத விண்மீன்களின் ஒளியும் இதோடு சேரும். இந்த இயற்கை ஒளிக்கு மேல் விளக்கொளி எவ்வளவு கூடியிருக்கிறது என்பதே ஒளி மாசின் அளவு.

அதை அளக்கும் அலகு ஒளிப்பொலிவெண். அதற்கு இன்றைய வடிவம் தந்தவர், பின்னாளில் சென்னைக்கு வந்த அதே போக்சன். 1856-இல் அவர் வகுத்த விதிப்படி, எண்ணில் 5 குறைந்தால் ஒளி 100 மடங்கு கூடும். எண் சிறிதானால் ஒளி பெரிது. வானத்தில் ஒரு சிறு சதுரத்திலிருந்து வரும் ஒளியை இந்த அலகில் சொல்வது வழக்கம். தூய இருட்டு வானத்தின் மதிப்பு 22-ஐ ஒட்டி இருக்கும். பெருநகர நடுவில் அது 17 அல்லது 18-க்கு இறங்கும். 17 என்றால் இயற்கை வானத்தைவிட 100 மடங்கு வெளிச்சம்.

காற்று ஒளியைத் திருப்பும் விதம்

ஒளி காற்றினூடே செல்லும்போது மூலக்கூறுகளும் தூசும் புகையும் அதன் ஒரு பகுதியைத் திசை மாற்றிவிடுகின்றன. இதுவே ஒளிச்சிதறல். சிதறும் ஒளியின் அளவு, அது எவ்வளவு காற்றைக் கடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே விளக்கிலிருந்து ஒளி எந்தக் கோணத்தில் கிளம்புகிறது என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

தரையை நோக்கிய ஒளி சாலையில் பட்டு ஒரு சிறு பங்கே மேலே திரும்பும். தார்ச்சாலை பெரும்பகுதியை விழுங்கிவிடும். நேர் மேலே கிளம்பும் ஒளி அடர்ந்த கீழ்க்காற்றை விரைவில் கடந்து விண்வெளிக்குப் போய்விடும். அடிவானத்துக்குச் சற்று மேலாக, கிட்டத்தட்டக் கிடைமட்டமாகக் கிளம்பும் ஒளிதான் தொலைவூர்களுக்குத் தொல்லை தருவது. அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் செல்லும் கதிர், நேர் மேலே செல்லும் கதிரைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு காற்றைக் கடக்கிறது. வழி நெடுகச் சிதறிக்கொண்டே அது பக்கத்து மாவட்டத்தின் வானத்துக்கு வந்துவிடும்.

நகரம் மேல்நோக்கி வளர்வது வானியலாளரின் கவனத்துக்கு வருவது இந்த இடத்தில்தான். ஓட்டு வீடுகளும் இரண்டு மாடிக் கட்டடங்களும் மரங்களும் நிறைந்த ஊரில் பக்கவாட்டில் கிளம்பும் ஒளியை எதிர்வீட்டுச் சுவரோ வேப்பமரமோ தடுத்துவிடும். உயர்ந்த கட்டடத்தின் மேல்மாடிகளுக்கு அந்தத் தடை இல்லை. இருபதாவது மாடியின் கண்ணாடிச் சுவரிலிருந்து வெளியேறும் ஒளி, சுற்றியுள்ள கூரைகளுக்கு மேலே தங்குதடையின்றிக் கிடைமட்டமாகப் போகும். முகப்பை அழகுபடுத்தக் கீழிருந்து மேலே பாய்ச்சும் விளக்குகளின் ஒளியில் சுவரில் படாத பங்கு அப்படியே வானுக்குப் போகிறது. மாடியுச்சியில் ஒளிரும் விளம்பரத் திரைகளும், இரவுப் பணிக்காகக் கட்டுமானத் தளங்களில் சாய்த்து வைக்கும் பெருவிளக்குகளும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

சென்னையில் 1959-இல் திறக்கப்பட்ட 177 அடி எல்.ஐ.சி. கட்டடம் பல்லாண்டுகள் தனித்து நின்றது. இன்று பழைய மாமல்லபுரம் சாலையிலும் நகரின் பிற பகுதிகளிலும் 40 மாடி அளவுக்குக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் 18.3 மீட்டருக்கு மேற்பட்டவற்றை உயரமான கட்டடங்கள் என்று வகைப்படுத்துகின்றன. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்பதைச் சொல்வது தளப்பரப்புக் குறியீடு. சாதாரணக் கட்டடங்களுக்கு அது 2, உயரமானவற்றுக்கு 3.25. அகலமான சாலை, பெரிய மனை என்றால் உயரக் கட்டுவதே ஆதாயம் என்ற நிலையை இந்த வேறுபாடு உண்டாக்குகிறது.

உயரம் மட்டுமே குற்றவாளி என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அதே மக்கள்தொகை பக்கவாட்டில் பரவினால் சாலைகள் நீளும், தெருவிளக்குகள் பெருகும், நகரின் எல்லை மலையடிவாரத்தை நோக்கி நகரும். அடர்ந்து உயர்ந்த நகரம் குறைந்த சாலை விளக்குகளோடு இயங்க முடியும். கிடைக்கும் அந்த ஆதாயத்தை மேல்மாடி ஒளி தின்றுவிடுகிறதா என்பது வடிவமைப்பைப் பொறுத்தது.

நீலத்தின் பங்கு

காற்று மூலக்கூறுகள் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் சிதறடிப்பதில்லை. அலைநீளம் குறையக் குறையச் சிதறல் வேகமாகக் கூடும். பகல் வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியது. வெள்ளை எல்.இ.டி. விளக்கில் 450 நானோமீட்டரை ஒட்டி ஒரு நீல முகடு உண்டு. அந்த நீலம், சோடியத்தின் மஞ்சளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகச் சிதறும்.

வானியலாளருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. சோடியம் ஒளி நிறமாலையின் ஒரு குறுகிய பகுதிக்குள் அடங்கியது. வடிகட்டியால் அதை நீக்கிவிடலாம். எல்.இ.டி. ஒளி நிறமாலை முழுதும் பரவியிருப்பதால் விண்மீனின் ஒளியையும் சேர்த்து இழக்காமல் அதை நீக்க முடியாது. இந்தியாவில் 2015-இல் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டம் பழைய விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றியது. மின்சாரம் மிச்சமாயிற்று. கூடவே இரவொளியின் நிறமும் மாறியது.

தொலைவும் மக்கள்தொகையும்

எவ்வளவு தொலைவிலுள்ள நகரம் எவ்வளவு தொல்லை தரும்? 1970-களில் அமெரிக்க வானியலாளர் மெர்ல் வாக்கர் கலிபோர்னிய நகரங்களின் ஒளியை அளந்து ஒரு தோராய விதியைத் தந்தார். மக்கள்தொகை இரட்டித்தால் வான்ஒளிர்வும் இரட்டிக்கும். தொலைவு இரட்டித்தால் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும்.

காவலூருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். வாணியம்பாடி நேர்க்கோட்டில் சுமார் 26 கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 95,000. பெங்களூரு சுமார் 140 கிலோமீட்டர்; மக்கள்தொகை ஏறத்தாழ 84 லட்சம். பெங்களூரு ஐந்தரை மடங்கு தொலைவில் இருப்பதால் அதன் ஒளி ஏறத்தாழ 70-இல் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் அங்கே கிட்டத்தட்ட 90 மடங்கு மக்கள். விதியின்படி இரண்டு ஊர்களும் காவலூர் வானத்தில் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைக் கூட்டுகின்றன. 100 கிலோமீட்டரைத் தாண்டும்போது ஒளி வாக்கர் விதியைவிட வேகமாகக் குறையும் என்பதால் பெங்களூரின் உண்மைப் பங்கு இதைவிடச் சிறிதாக இருக்கும். கலிபோர்னியாவின் விளக்குப் பழக்கமும் நம் ஊர் விளக்குப் பழக்கமும் ஒன்றல்ல. இந்தத் திருத்தங்களுக்குப் பிறகும் ஒன்று தெளிவு: அண்டை மாநிலத் தலைநகரின் வளர்ச்சியை ஜவ்வாது மலையின் கணக்கிலிருந்து விட்டுவிட முடியாது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது?

வானம் வெளிறுவதற்கு நகர விளக்குகளே காரணம் என்பதை வரலாறு ஒரு பெரிய சோதனையாகவே நடத்திக் காட்டியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நடுப்பகுதியிலிருந்து மவுண்ட் வில்சன் வானாய்வகம் சுமார் 26 கிலோமீட்டரில் இருக்கிறது; வாணியம்பாடிக்கும் காவலூருக்கும் உள்ள அதே தொலைவு. இரண்டாம் உலகப் போரின்போது அந்நகரம் விளக்குகளை அணைத்து இருளில் மூழ்கியது. அந்த இருட்டைப் பயன்படுத்தி வால்டர் பாடே 2.5 மீட்டர் தொலைநோக்கியால் ஆண்ட்ரமீடா பேரடையின் மையப் பகுதியைப் படமெடுத்தார். அதுவரை மங்கிய மூட்டமாகவே தெரிந்த இடத்தில் விண்மீன்கள் தனித்தனியாகப் பதிவாயின. விண்மீன்களில் இரண்டு தலைமுறைகள் உண்டு என்ற அவருடைய 1944-ஆம் ஆண்டு முடிவு இப்படிக் கிடைத்தது. போர் முடிந்தது, விளக்குகள் திரும்பின. 1957-இல் அந்நகரம் கட்டட உயர வரம்பை நீக்கியது. நடுப்பகுதியில் வானளாவிகள் எழுந்தன. 1985-இல் அந்தத் தொலைநோக்கி மூடப்பட்டது. பின்னர் மீண்டும் திறந்தபோதும், மங்கலான பேரடைகளைத் தேடும் வேலை இருண்ட மலைகளுக்குப் போய்விட்டது.

இரண்டாவது சான்று நிறமாலை. விண்மீன் இல்லாத வெற்று வானத்தின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால், எந்த வகை விளக்குகள் அதில் கலந்திருக்கின்றன என்பது தெரியும். பாதரச விளக்கு 436, 546 நானோமீட்டர்களில் கோடுகளை விடும், சோடியம் 589-இல். ஆக்சிஜனின் இயற்கைக் கோடு 558-இல் தனியே நிற்கும். ஊரின் விளக்குகளை நேரில் பார்க்காமலே வானத்தைப் பார்த்து அவற்றை அடையாளம் காணலாம்.

மூன்றாவது செயற்கைக்கோள். 2011-இல் ஏவப்பட்ட சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோள் நள்ளிரவுக்குப் பின் பூமியின் ஒளியைப் படமெடுக்கிறது. 2012-க்கும் 2016-க்கும் இடையில் உலகில் ஒளியேறிய பரப்பு ஆண்டுக்கு 2.2 விழுக்காடு கூடியது என்று அதன் தரவு காட்டியது. ஆனால் அதன் உணர்கருவி 500 நானோமீட்டருக்குக் கீழுள்ள நீலத்தைக் காணாது. கிடைமட்டமாகப் போகும் ஒளியும் மேலிருந்து சரியாகத் தெரியாது. தரையிலிருந்து வெறுங்கண்ணால் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்தபோது, வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு வெளிச்சமாகி வருவது தெரிந்தது. இது எட்டு ஆண்டுகளுக்குள் இரட்டிக்கும் வேகம். இந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து வந்தவை.

நான்காவது சான்று நேரடிச் சோதனை. 2019-இல் அமெரிக்காவின் டூசான் நகரம் தெருவிளக்குகளின் ஒளியைச் சில இரவுகளில் திட்டமிட்டுக் கூட்டியும் குறைத்தும் காட்ட, செயற்கைக்கோள் அந்த மாற்றத்தைப் பதிவு செய்தது. நள்ளிரவுக்குப் பின் நகரிலிருந்து மேலே வந்த ஒளியில் தெருவிளக்குகளின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மிச்சம் கடைகள், விளம்பரங்கள், வாகன நிறுத்தங்கள், கட்டட முகப்புகள், சன்னல்கள் போன்றவற்றிலிருந்து வந்தது. தெருவிளக்கை மட்டும் சீர்செய்வது போதாது என்பதற்கு இது அளந்து பெற்ற ஆதாரம்.

தொலைநோக்கி இழப்பது என்ன?

தொலைநோக்கி பெரிதாக இருந்தால் கூடுதல் ஒளி திரட்டும், பிறகென்ன கவலை என்று தோன்றலாம். நாதஸ்வரம் முழங்கும் கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்காது. காதில் கருவி வைத்துக்கொண்டால் முணுமுணுப்போடு நாதஸ்வரமும் சேர்ந்தே பெருகும். தொலைநோக்கியும் விண்மீனின் ஒளியோடு வானத்தின் ஒளியையும் சேர்த்தே திரட்டுகிறது.

வானத்தின் பங்கை அளந்து கழித்துவிடலாமே என்றால், அதுவும் முழுமையாக முடியாது. ஒளித்துகள்கள் சீராக வராமல் தாறுமாறாக வருவதால், வான்ஒளி கூடக்கூட அதன் ஏற்றத்தாழ்வும் கூடும். மங்கலான பேரடையின் சுவடு அந்த ஏற்றத்தாழ்வில் மறைந்துவிடும். வானத்தைவிட மங்கலான ஒரு பொருளைப் பார்க்கும்போது வானொளி இரட்டித்தால், அதே துல்லியத்துக்குப் பதிவு நேரமும் இரட்டிக்க வேண்டும். வேறு விதமாகச் சொன்னால், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருண்ட மலையில் உள்ள 1.65 மீட்டர் தொலைநோக்கியின் வேலையைத்தான் செய்யும். பொலிவான விண்மீன்களின் நிறமாலையை எடுப்பதில் இந்த இழப்பு மிகச் சிறிது. எனவே எல்லா ஆய்வும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம், லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றையும் இயக்குகிறது. அங்குள்ள பகுதி 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கோணம், நிறம், நேரம், அளவு

தீர்வுகள் மேற்சொன்ன இயற்பியலிலிருந்தே வருகின்றன. கோணத்துக்கு, ஒளி கிடைமட்டத்துக்கு மேல் போகாதபடி மூடிய விளக்குக் கூடுகள். முகப்பு விளக்குகளை மேலிருந்து கீழ்நோக்கிப் பொருத்துதல். கட்டுமானத் தளத்தின் பெருவிளக்குகளைத் தரையை நோக்கித் திருப்புதல். நிறத்துக்கு, நீலம் குறைந்த மஞ்சள் சாயல் எல்.இ.டி. நேரத்துக்கு, ஆளில்லாத அலுவலக மாடிகளில் தானே அணையும் விளக்குகளும், விளம்பரத் திரைகளுக்கு நள்ளிரவுக்குப் பின் ஓய்வும். அளவுக்கு, தேவையான வெளிச்சத்துக்கு மேல் போடாமை. விமானங்களுக்காக உயர்ந்த கட்டடங்களின் உச்சியில் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் பாதுகாப்புக்கு அவசியம். ஒளிரும் முகப்புகளோடு ஒப்பிட்டால் அவற்றின் ஒளி மிகச் சிறிது.

இவை நடைமுறைக்கு வந்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் 1958-லேயே விளம்பரத்துக்காக வானில் பாய்ச்சும் விளக்குகளைத் தடைசெய்தது. பிரான்ஸ் 2013 முதல், அலுவலகக் கட்டடங்களின் உள்விளக்குகளை வேலை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளும், முகப்பு விளக்குகளை நள்ளிரவு 1 மணிக்குள்ளும் அணைக்கச் சொல்கிறது. கட்டட அனுமதியோடு விளக்கு வரைபடத்தையும் கேட்கும் விதி இருந்தால், கட்டி முடித்த பின் திருத்தும் செலவு மிச்சமாகும்.

எங்கிருந்து தொடங்குவது என்பதற்கும் வாக்கர் விதியே வழிகாட்டும். காவலூரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் உள்ள ஆலங்காயத்தில் மூடியில்லாத ஒரு விளக்கு, வாணியம்பாடியின் 11 விளக்குகளுக்கும் பெங்களூரின் 700-க்கும் மேற்பட்ட விளக்குகளுக்கும் ஈடு. ஆகவே முதலில் மலைக் கிராமங்களும் ஆலங்காயமும். அங்கே மாற்ற வேண்டிய விளக்குகள் குறைவு, கிடைக்கும் பலன் உடனடி. அடுத்து வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், வேலூர். பெருநகரங்களில் விளக்குகள் பல லட்சம் என்பதால் அவற்றை ஒவ்வொன்றாக மாற்ற முடியாது; அங்கே புதிதாக எழும் ஒவ்வொரு உயரக் கட்டடத்துக்கும் பொருந்தும் விதி ஒன்றே வழி.